சாவி வைக்கிற இடம்

அமெரிக்காவில் ஷாப்பிங் மால் கார் பார்க்கிங்கில் நிற்கும் விளக்குக் கம்பங்களின் அடியைக் கவனித்திருக்கிறீர்களா? போல்ட்டுகளை மறைக்க ஒரு சதுரத் தகர மூடி இருக்கும். அதற்குப் பாவாடை என்றுதான் பெயர், ஆங்கிலத்திலும். அது கம்பத்தோடு ஒட்டியிருப்பதில்லை, பிடித்துத் தூக்கினால் மேலே வரும் என்பது இந்த ஊரில் ஒன்பது வருடம் இருந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2018 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சியாட்டில் பக்கம், பெல்வியூவில், சிணுசிணுவென்ற தூறலில் நான் மண்டி போட்டு அந்தப் பாவாடையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். மற்றொரு கையில் ஒரு ஆரஞ்சு நிற மாத்திரை டப்பா. பின்னாலிருந்து ஒரு குரல், "நான் ஏதாவது உதவி செய்யலாமா மேடம்?" செக்யூரிட்டிக்காரர். கம்பத்துக்கு அடியில் ஒளித்து வைத்த மாத்திரை டப்பாவை ஒருத்தி எடுக்கிறாள் என்றால் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பத்தடி தள்ளி காருக்குள் என் கணவரும் மகளும் எங்களுக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குக் கற்றதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாராவது கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "காண்டாக்ட் லென்ஸ் விழுந்துவிட்டது", "பூனையைத் தேடுகிறேன்" எல்லாம் வேலைக்கு ஆகாது. "ஜியோகேச்சிங்" என்று சொல்லி போனில் உள்ள மேப்பைக் காட்டிவிடுங்கள். நான் காட்டினேன். டப்பாவைத் திறந்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த பேர்ப் பட்டியலையும் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "போன வாரமும் மூணு பேர் வந்தாங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அவ்வளவுதான்.

இந்த ஜியோகேச்சிங் விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒருவர் ஒரு பெட்டியை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுகிறார். நாம் ஜிபிஎஸ் பார்த்துப் போய், பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. "அப்போ எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கோலம் எதற்குப் போடுகிறோம் என்று கேட்பதைப் போலத்தான்.

இது சாத்தியமானது 2000-ஆம் ஆண்டு மே மாதம். அதுவரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை தப்பும், ஒரு தெருவே அதற்குள் அடங்கிவிடும். கிளின்டன் ஆட்சியில் அதை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் சில சாமான்களைப் போட்டுக் காட்டுப் பாதையோரம் வைத்து, இடத்தின் எண்களை இணையக் குழு ஒன்றில் எழுதினார். மூன்றே நாளில் வேறொருவர் போய்க் கண்டுபிடித்துவிட்டார். இந்த விளையாட்டின் பெரிய இணையதளத்தை நடத்துகிற நிறுவனம் இருப்பதும் சியாட்டிலில்தான், ஃப்ரீமாண்ட் பகுதியில். ஆக, நான் இதன் பிறந்த வீட்டுக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தேன். தெரியாமலே.

நாங்கள் ஆரம்பித்தது 2017 கோடையில். மகளுக்கு ஏழு வயது. "வாக்கிங்" என்றாலே அவளுக்குக் கால் வலிக்கும். அலுவலகத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஆப்பை இறக்கினோம். ரெட்மண்டில் மேரிமூர் பூங்காவில் ஒரு பெட்டி, கஷ்டம் ஒன்றரைதான் என்று போட்டிருந்தது. ஐந்துக்கு ஒன்றரை. முக்கால் மணி நேரம் தேடினோம். நானும் கணவரும் போனைக் கையில் ஏந்திக்கொண்டு, அம்புக்குறி திரும்பும் பக்கமெல்லாம் திரும்பி, ஒரே மரத்தை எட்டு முறை வலம் வந்தோம். கிடைக்கவில்லை. அடுத்த வாரமும் போனோம், கிடைக்கவில்லை. மூன்றாவது முறை போனபோது ஒரு தாத்தாவும் பத்து வயதுப் பேரனும் வந்தார்கள். அந்தப் பையன் போனைப் பார்க்கவே இல்லை. நேராக ஒரு வெட்டுமரக் கட்டையிடம் போய், மேலே கிடந்த பட்டையைத் தூக்கினான். பெட்டி இருந்தது. நாங்கள் அந்தக் கட்டையில்தான் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருந்தோம்.

எங்கே தப்பு? போன் காட்டும் இடம் திறந்த வெளியிலேயே மூன்று, நான்கு மீட்டர் தள்ளியிருக்கும். இங்கே இருக்கிற மாதிரி பெரிய ஃபர் மரங்களுக்கு அடியில் என்றால் பத்து, பதினைந்துகூட ஆகும். பெட்டியை வைத்தவர் எண்ணைக் குறித்தபோது அவருடைய கருவிக்கும் அதே பிழை இருந்திருக்கும். அவருடைய பிழையும் நம்முடைய பிழையும் எதிரெதிர் பக்கம் இழுத்தால் கேட்கவே வேண்டாம். அதனால், பூஜ்யம் மீட்டர் என்று காட்டும் இடம்தான் இடம் என்று நினைத்து அங்கேயே தோண்டித் துருவுவதில் பயனில்லை. பத்து மீட்டர் என்று காட்டும்போதே போனைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். இது தெரிந்த பிறகும் எனக்குப் பெட்டிகள் சரியாகக் கிடைக்கவில்லை. அதற்கு அம்மா வர வேண்டியிருந்தது.

அம்மா 2018 ஏப்ரல் கடைசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தாள், ஆறு மாதம் இருப்பதாக. நான் பெட்டியை எல்லோரையும் போல cache என்ற ஆங்கிலப் பெயரில் சொன்னது அவள் காதில் ரொக்கப் பணத்தைச் சொல்லும் 'கேஷ்' என்று விழுந்து, ஊரெல்லாம் ரூபாயை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு முதல் நாள் உற்சாகமாகக் கிளம்பிவிட்டாள். சம்மாமிஷ் ஆற்றோரப் பாதையில் ஒரு பெஞ்சு, ஒரு தகவல் பலகை, நாலைந்து புதர். வழக்கம் போல நான் புதருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"ஏட்டி, இதை வச்சவன் என்ன உசரம் இருப்பான்?"

"எனக்கென்னம்மா தெரியும்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியாதும்மா."

"புதருக்குள்ள எதுக்குட்டி வைக்கான்? நாளைக்கு மழை பேஞ்சா அவனுக்கே எடம் தெரியாது. நின்னாப்புல கைய நீட்டுனா எட்டுத எடத்துலதான் வச்சிருப்பான்."

சொல்லிக்கொண்டே எழுந்து போய், தகவல் பலகையின் மேல் சட்டத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினாள். காந்தம் வைத்த ஒரு தகர டப்பா கையோடு வந்தது. இங்கே காருக்கு உபரிச் சாவி ஒளித்து வைக்க விற்பார்களே, அந்த டப்பா. அம்மா அதைத் திறந்து பார்த்து, உள்ளே ரூபாய் இல்லாததால் கொஞ்சம் முகம் வாடினாள்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் நாலு பேர் நாலு நேரத்தில் வருவோம், போவோம். பூட்டுக்குச் சாவி ஒன்றுதான். நாற்பது வருடமாக அதை எங்கே வைப்பது என்று தினமும் யோசித்தவள் அவள். நிலைக்கு மேலே, மாடக்குழிக்குள், துளசி மாடத்தின் பின்பக்கம், கொடியில் காயும் சாக்குக்கு அடியில். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னாள், "சாவி வைக்கதுன்னா, வெளியாளு கண்ணுல படக் கூடாது, வீட்டாளு தேடக் கூடாது." இந்த விளையாட்டைப் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன். இதைவிடச் சரியாகச் சொன்ன ஒன்று என் கண்ணில் படவில்லை.

அதன் பிறகு தேடும் விதமே மாறிப்போனது. இடத்துக்குப் போனதும் முதல் இரண்டு நிமிடம் எதையும் தொடுவதில்லை. நின்று, "நான் வைப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன்?" என்று பார்ப்பேன். காடு என்றால் விழுந்த மரம், வேர் இடுக்கு, வெட்டுமரக் கட்டை. காட்டில் குச்சிகள் தாறுமாறாகத்தான் விழும், பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாற்போல் விழாது. அப்படி ஆறு குச்சி வரிசையாகக் கிடந்தால் அதற்கு அடியில் பெட்டி. பாசி படிந்த கற்களுக்கு நடுவே ஒரு கல் மட்டும் சுத்தமாக இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள், பிளாஸ்டிக்காக இருக்கும். நகரம் என்றால் இரும்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாலையோரத் தடுப்புக் கம்பி, வேலிக்கால், பெஞ்சின் அடிச்சட்டம். இரும்பு இருந்தால் காந்தம் ஒட்டும். கம்பி வேலியின் குழாய் மூடி ஒன்று மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், பலர் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். புல்லில் யாரும் போகத் தேவையில்லாத ஒரு மூலைக்கு மெல்லிய ஒற்றையடித் தடம் போகிறதா? பின்தொடருங்கள். நமக்கு முன்னால் வந்த அத்தனை பேரும் போட்ட தடம் அது.

வீட்டை விட்டுக் கிளம்புமுன் அந்தப் பெட்டிக்கான பக்கத்தை முழுக்கப் படிப்பது பாதி வேலையை முடித்துவிடும். நான் ஆரம்பத்தில் மேப்பில் பச்சைப் புள்ளியைப் பார்த்த உடனே காரை எடுத்துவிடுவேன். முதலில் அளவைப் பாருங்கள். 'மைக்ரோ' என்றால் பழைய ஃபிலிம் டப்பா அளவு. 'ரெகுலர்' என்றால் டிபன் கேரியர் வைக்கலாம். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவது வீண். அடுத்து இரண்டு எண்கள் இருக்கும், கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம், போய்ச்சேர எவ்வளவு கஷ்டம் என்று. இரண்டும் ஒன்று முதல் ஐந்து வரை. இரண்டாவது எண் ஒன்று என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம். ஐந்து என்றால் படகோ கயிறோ வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் இரண்டரையைத் தாண்டாதீர்கள். அப்புறம் கடைசி நாலைந்து பேர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வரிசையாக 'கிடைக்கவில்லை' என்று இருந்தால் பெட்டி காணாமல் போயிருக்கும், வேறு இடம் பாருங்கள். குறிப்பு என்று ஒரு வரி இருக்கும், அதை எழுத்து மாற்றிப் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பதிமூன்று தள்ளி. ஆப்பில் ஒரு தட்டுத் தட்டினால் திறந்துவிடும். திறப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் ஆட்கள் உண்டு. என் கணவர் அந்தக் கட்சி. நான் பத்து நிமிடத்துக்கு மேல் கௌரவம் பார்ப்பதில்லை.

எண் எழுதும் முறையில் ஒரு பொறி இருக்கிறது, அதில் விழுந்து எழுந்தவள் சொல்கிறேன். இந்த விளையாட்டில் எண்ணைப் பாகை (டிகிரி), அப்புறம் கலை (மினிட், பாகையில் அறுபதில் ஒரு பங்கு), கலையில் மூன்று தசம இடம் என்று எழுதுவார்கள். புதிர் பெட்டி ஒன்று, விடுகதைக்கு விடை கண்டால்தான் எண் கிடைக்கும். ஒரு வாரம் மண்டையை உடைத்து விடை கண்டுபிடித்தேன், வடக்கு 47 பாகை 40.250 கலை என்று வந்தது. மேற்கும் அதே மாதிரி. சந்தோஷத்தில் கார் மேப்பில் 47.40250 என்று அடித்து, அது சொன்ன வழியில் ஓட்டினேன். ரெட்மண்டிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த பெட்டிக்காக மேப்பிள் வேலி என்ற ஊர் வரை, தெற்கே முப்பது கிலோமீட்டர் போய், ஒரு வீட்டின் பின்கட்டு வேலியோரம் நின்றேன். நாற்பது கலையை அறுபதால் வகுத்தால்தான் தசமப் பாகை ஆகும், 47.6708. இதே முறையில் கலையின் மூன்றாவது தசமத்தில் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக இரண்டு மீட்டருக்கும் குறைவுதான் நகரும். ஆக, கடைசி எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம், புள்ளி எங்கே விழுகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

பையில் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். பேனா. பாதிப் பெட்டிகளில் பேனா இருக்காது, இருந்தாலும் எழுதாது. ஜெல் பேனா வேண்டாம், ஈரத் தாளில் பரவி மொத்தப் பக்கத்தையும் நீலமாக்கிவிடும். எங்கள் ஊர் மழைக்குப் பென்சில்தான் உத்தமம். தோட்ட வேலைக் கையுறை, சின்ன டார்ச், போனுக்குப் பவர் பேங்க், இரண்டு மூன்று ஜிப் பை, கொஞ்சம் வெற்றுத் தாள். காட்டில் சிக்னல் இருக்காது, அதனால் பக்கங்களை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு ட்வீசர். நானோ என்று ஒரு ரகம் உண்டு, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு காந்தக் குப்பி. அதற்குள் அரை விரல் அகலத்தில் ஒரு தாள் நாடா சுருட்டி வைத்திருக்கும். எடுப்பது எளிது. பெயர் எழுதிவிட்டுத் திரும்பச் சுருட்டி உள்ளே தள்ளுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் சுருட்டினால் குப்பியின் வாயைவிடப் பெரிதாக வந்து நிற்கும். அம்மா வாங்கி, தொடையில் வைத்து, விளக்குக்குத் திரி உருட்டுகிற மாதிரி உள்ளங்கையால் ஒரே இழுப்பு இழுத்தாள். ஊசி மாதிரி ஆனது. அதற்குப் பிறகு நானோ எல்லாம் அவள் இலாகா.

பெட்டிக்குள் இருக்கும் பொம்மை, மணி, ஸ்டிக்கர் எல்லாம் பிள்ளைகளை இழுக்கும். எடுக்கலாம். எடுத்தால் அதே மதிப்புக்கு, முடிந்தால் கொஞ்சம் கூடுதலாக, ஒன்றைப் போட வேண்டும். என் மகள் ஒரு பிளாஸ்டிக் டைனோசரை எடுத்துக்கொண்டு கார் பார்க்கிங் சீட்டைப் போட்டதை அம்மா பார்த்துவிட்டாள், அன்றைக்கு ஒரு பாடமே நடந்தது. தின்பண்டம் மட்டும் கூடாது, மூடிய மிட்டாய்கூட. ரக்கூன் மோப்பம் பிடித்து வந்து டப்பாவைக் கடித்துக் குதறிவிடும். அப்படிப் பல் பதிந்த மூடியை நானே இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

தாளில் பெயர் எழுதாமல் இணையத்தில் 'கண்டுபிடித்தேன்' என்று போடுவது அழுகுணி ஆட்டம். கிடைக்காதபோது 'கிடைக்கவில்லை' என்று பதிவு செய்ய வெட்கப்பட்டு விட்டுவிடுவதும் அதே ரகம்தான். நான் முதல் வருடம் அப்படித்தான் விட்டேன். பெட்டி போய்விட்டது என்று அதன் சொந்தக்காரருக்கு நம் பதிவிலிருந்துதான் தெரியும். ஒரு முறை நாங்கள் தேடிக் கிடைக்காமல், எதுவும் எழுதாமல் வந்துவிட்டோம். அடுத்த மாதம் ஒருவர் இரண்டு மணி நேரம் ஓட்டி வந்து ஏமாந்ததாக எழுதியிருந்தார். என்னால்தான் என்று தோன்றியது. இப்போது கிடைக்காததையும் ஒன்று விடாமல் எழுதுகிறேன், அறுபத்திரண்டு இருக்கிறது.

செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வாஷிங்டன் மாநிலத்தின் ஈரக்காடுகளில் நெட்டில் என்று ஒரு செடி. பார்க்கத் துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி அப்பாவியாக இருக்கும், பட்டால் நம் ஊர்க் காஞ்சொறிதான். பிளாக்பெர்ரி முள் அதற்கு மேல், ஜீன்ஸையே கிழிக்கும். தெற்கே ஓரிகன் போனால் பாய்சன் ஓக், மூன்று மூன்று இலையாக இருக்கும், பட்ட மறுநாள்தான் கொப்புளம் கிளம்பும். வெயில் காலமானாலும் முழுக்கால் பேன்ட் போடுங்கள். பெட்டி பள்ளத்தாக்கு விளிம்பில் இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

ஆகஸ்டில் ஸ்னோக்வால்மி சுரங்கத்துக்குப் போனோம். சியாட்டிலிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம், ஹயாக் என்ற இடத்தில் காரை விட வேண்டும். மில்வாக்கி ரோடு என்ற பழைய ரயில் கம்பெனியின் பாதையில் இருந்த சுரங்கம், 3.7 கிலோமீட்டர், தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடக்க, சைக்கிள் ஓட்ட விட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். அதன் மேற்கு முனைக்கு வெளியே, மலையேறும் சரிவில், இந்த விளையாட்டுக்காரர்கள் உலகமெங்குமிருந்து தேடி வரும் ஒரு பெட்டி இருக்கிறது. 2001-இல் ஒரு ஹாலிவுட் படத்தின் விளம்பரத்துக்காகப் பல நாடுகளில் வைத்த பெட்டிகளில் மிஞ்சியவற்றில் ஒன்று. 2011-இல் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், 2017-இல் திரும்ப வைத்தார்கள்.

வெளியே முப்பது டிகிரி வெயில். சுரங்க வாயில் நின்றால் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி காற்று. அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு நூறடி வந்தாள். மேலேயிருந்து ஒரு சொட்டு அவள் உச்சியில் விழுந்தது. "கெணத்துக்குள்ள எறங்குன மாதிரில்லா இருக்கு. நீங்க போங்க, நான் மாப்பிள்ளையோட வெளிய இருக்கேன்" என்று திரும்பிவிட்டாள். நானும் மகளும் மட்டும் போனோம். எதிர்முனை ஒரு ஊசித் துளை வெளிச்சமாகத் தெரியும். நடப்போம், நடப்போம், அது பெரிதாகவே ஆகாது. மகள் அரைமணி நேரம் கழித்து, "அது ஸ்டிக்கரா?" என்று கேட்டாள். இங்கே டார்ச் இரண்டு வேண்டும், ஒன்று அணைந்தால் மற்றது. சைக்கிள்காரர்கள் சத்தமில்லாமல் வருவார்கள், ஓரமாக நடக்க வேண்டும். போனைத் தொடவே வேண்டாம், மலைக்குள் எந்தச் செயற்கைக்கோளும் தெரியாது, வெளியே வந்து ஓரிரு நிமிடம் நின்றால்தான் அதற்கு புத்தி வரும். பெட்டியைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அங்கே முன்பே ஐந்து பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேடாமல் கிடைத்ததில் மகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அந்தக் கோடையில் நாங்களும் ஒரு பெட்டி வைத்தோம். வைப்பது தேடுவதைவிடக் கஷ்டம். நகராட்சிப் பூங்கா என்றால் அனுமதி வாங்க வேண்டும். குழி தோண்டக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. இன்னொரு பெட்டிக்கு 161 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. மேப்பைப் பார்த்து நல்ல வெற்றிடமாகத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. புதிர் பெட்டி ஒன்றின் உண்மையான இடம் அங்கேதான், மேப்பில் அது வேறெங்கோ காட்டும். எண்ணை முதலில் அனுப்பி இடம் காலிதானா என்று கேட்டுக்கொண்டு, பிறகு டப்பா வாங்குங்கள். டப்பாவும் மலிவாக வாங்காதீர்கள். ஒரு டாலர் கடையில் வாங்கிய டப்பாவைத்தான் முதலில் வைத்தேன். நவம்பரில் போய்த் திறந்தால் உள்ளே தாள் கரைத்த மாவாக இருந்தது. நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடும், ரப்பர் வளையம் வைத்த டப்பாதான் தாங்கும். தக்கோமாவில் தயாராகும் நனையாத தாள் கடைகளில் கிடைக்கிறது, அதைப் போட்டபின் பிரச்சினை இல்லை. எங்கே வைத்தோம் என்று சொல்ல மாட்டேன். இடம் அம்மா பார்த்தது. நின்றபடி கையை நீட்டினால் எட்டும். எழுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே மாதிரி கண்டுபிடிக்கிறார்கள் என்பது பதிவுகளைப் பார்த்தால் தெரிகிறது.

செப்டம்பரில், அவள் ஊருக்குக் கிளம்புமுன், ஓரிகனுக்குப் போய் அந்த முதல் வாளி இருந்த இடத்தைப் பார்த்தோம். போர்ட்லண்டுக்குத் தென்கிழக்கே, பீவர்கிரீக் தாண்டி, வடக்கு 45 பாகை 17.460, மேற்கு 122 பாகை 24.800. இப்போது அங்கே வாளி இல்லை, தரையில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. வாளிக்குள் இருந்தவற்றில் ஒரு பீன்ஸ் டப்பா மட்டும் பிற்பாடு அந்தப் பக்கமே கிடைத்து, அதுவும் ஊர் சுற்றப் போய்விட்டது. அம்மா பலகையைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். "ரோட்டோரமா வச்சிருக்கான். எவனும் தூக்காம என்ன செய்வான்?" என்றாள்.

ஊர் சுற்றும் சாமான் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எண் பொறித்த ஒரு சின்னத் தகடு விற்பார்கள், அதை எந்தப் பொருளிலாவது கோத்து ஒரு பெட்டியில் போட்டுவிட்டால், எடுப்பவர் அதை வேறொரு பெட்டிக்கு நகர்த்த வேண்டும். வைத்துக்கொள்ளக் கூடாது. எங்கே போகிறது என்று இணையத்தில் பார்க்கலாம். இதைக் கேட்டதும் அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு பித்தளைச் சாவியை எடுத்தாள். எங்கள் வீட்டுப் பழைய மர அலமாரியின் சாவி. அலமாரியை விற்று வருடம் பத்தாகிறது, சாவியை மட்டும் ஏன் வைத்திருந்தாள் என்று கேட்டால், "சாவியைத் தூக்கிப் போடுவாங்களா?" என்றாள். தகடு கோத்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஃப்ரீமாண்ட் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கே உள்ள பெரிய பெட்டியில் போட்டோம். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வரும் இடம், வேகமாக நகரும் என்று கணக்கு.

கணக்கு சரியாக இருந்தது. மூன்றாவது வாரமே ஒரு ஜெர்மன் குடும்பம் எடுத்துக்கொண்டு போய் நியூரம்பெர்க்கில் போட்டது. அங்கிருந்து பிராக். பிராக்கிலிருந்து லைப்சிக். மொத்தம் 8,800 கிலோமீட்டர் சொச்சம். 2021 ஜூலையில் லைப்சிக் பெட்டியிலிருந்து ஒருவர் எடுத்திருக்கிறார், அதற்குப் பிறகு பதிவு இல்லை. இரண்டு முறை பணிவாகக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. இது சகஜம். அதனால் ஆசைப்பட்ட பொருளைத் தகட்டில் கோக்காதீர்கள், அதன் நகலைக் கோத்துவிடுங்கள் என்று புதியவர்களிடம் சொல்வேன். அம்மாவிடம் இதைச் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு தோறும் போனில் எல்லாம் பேசி முடித்து, வைக்கிற நேரத்தில் கேட்பாள், "ஏட்டி, அந்தச் சாவி எங்க இருக்கு?"

"ஒருத்தர் எடுத்து வச்சிருக்காரும்மா."

"எங்க வச்சிருக்கானாம்?"

"அதை எழுதலை."

"நெலைக்கு மேல பாக்கச் சொல்லு" என்கிறாள்.